மூக்கில் சேறு ஒட்டிய உள்ளான்

தூத்துக்குடியில் எந்தப் பக்கம் தடுக்கி விழுந்தாலும் ஒரு தேவாலயத்து வாசலில்தான் விழ வேண்டும். நாற்பத்தெட்டு வயது வரை அங்கே எங்கும் விழாமல் சமாளித்து நடந்துவிட்டு, ஆபீஸ் வேலையாகப் போன கொல்கத்தாவில் போய் விழுந்தேன். வீட்டில் இன்றைக்கும் இதைச் சொல்லித்தான் கிண்டல் செய்கிறார்கள். பக்கத்துத் தெருவில் கிடைக்கிற சாமானுக்கு ரெண்டு நாள் ரயிலில் போனவர் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

நான் சர்வேயர். நிலம் அளக்கிறவன் இல்லை. கப்பலில் போகிற சரக்கு நனைந்துவிட்டால், எப்படி நனைந்தது, நஷ்டம் யார் தலையில் விடியும் என்று பார்த்து எழுதிக் கொடுக்கிறவன். எங்கள் துறைமுகத்திலிருந்து போன ஒரு கண்டெய்னர் நூல், கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் நனைந்துபோய் நிற்பதாகத் தகவல் வந்தது. ஜனவரி மாதம். ரெண்டு நாள் வேலை என்று ரெண்டு சட்டையோடு கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை கிடர்பூர் போனால், சீல் உடைக்க அனுமதி வரவில்லை, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்கள். ரோட்டில் லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு மண் குவளையில் டீ குடித்தேன். டம்ளர் வழிய வழியக் குடித்துப் பழகியவனுக்கு அது ரெண்டு மடக்குதான். நாலு குவளை வாங்கிக் குடித்த பிறகு, கடைக்காரர் என்னை உட்காரச் சொல்லி ஒரு பெஞ்சைக் காட்டினார். குளிரில் பல் கிட்டியது. ஊரில் பாதிப் பேர் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லாய் போட்டிருந்தார்கள். முதல் நாள் சிரித்தேன். மறுநாள் நானும் ஒன்று வாங்கினேன்.

தங்குவதற்கு சால்ட் லேக்கில் கம்பெனி விருந்தினர் விடுதி. அங்கே போக எந்த பஸ் என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் நின்றார், யோசித்தார், பக்கத்தில் போனவரையும் நிறுத்தினார். மூன்றாவதாக ஒருவர் தானாகவே வந்து சேர்ந்தார். எந்த வழி நல்ல வழி என்று மூவருக்கும் விவாதம் முற்றியது. அதற்குள் சால்ட் லேக் பஸ் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து, நின்று, போயும்விட்டது. நம் ஊரில் வழி கேட்டால் கையை நீட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவர்கள் அடுத்த பஸ்ஸில் என்னை ஏற்றி உட்கார வைத்து, கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்கள்.

புதன்கிழமை மதியம் சால்ட் லேக்கிலேயே கம்ப்யூட்டர் கம்பெனிகள் குவிந்த செக்டர் ஃபைவில் எங்கள் கிளை அலுவலகத்துக்குப் போனேன். வெளியே நடைபாதைக் கடையில் சோறும் கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பும் சாப்பிட்டேன். புளி இல்லாத மீன் குழம்பை முதல் வாயில் மன்னிக்க முடியவில்லை. மூன்றாவது வாயில் மன்னித்தேன். கை கழுவிவிட்டு நிமிர்ந்தால், எதிரே கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு பொரி வல்லூறு உட்கார்ந்து புறாவை உரித்துக்கொண்டிருந்தது. பையில் எப்போதும் பைனாகுலர் இருக்கும். எடுத்தேன்.

ரெண்டு நிமிஷத்தில் காவலாளி வந்துவிட்டார். இந்தக் கட்டடத்துக்குள் எத்தனையோ ரகசியம் இருக்கிறது, அதை நோக்கிக் கண்ணாடி பிடிக்கிறாயா என்று இந்தியில் கேட்டார். நான் பதற்றத்தில் தமிழிலேயே பறவை, பறவை என்று மேலே கை காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, மொதல்ல பைனாகுலரக் கீழ இறக்குங்க. நான் அவர்ட்டச் சொல்லுதேன்" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். வங்காள மொழியில் அவரிடம் மளமளவென்று ஏதோ சொல்லிவிட்டு, என் பைனாகுலரை வாங்கி அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் மேலே பார்த்தார். பார்த்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. வாசலில் நின்ற இன்னொரு காவலாளியைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். பத்து நிமிஷம் கழித்துத்தான் அது என் கைக்கு வந்தது.

அவள் பெயர் எஸ்தர். எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற நாசரேத்துக்காரி, அந்தக் கட்டடத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. "நீங்க எந்த ஊரு அண்ணாச்சி?" என்றாள்.

"தூத்துக்குடி."

"தூத்துக்குடியா! அங்க உப்பளத்துல கரண்டிமூக்கு உள்ளான் பாத்த சங்கரன் அண்ணாச்சியத் தெரியுமா உங்களுக்கு?"

"நான்தாம்மா அது."

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வல்லூறு, காவலாளி எல்லாம் மறந்துபோய், என்னைக் கும்பிடாத குறை. சனிக்கிழமை காலை அவர்கள் கூட்டம் பறவை பார்க்கப் போகிறது, நான் கட்டாயம் வர வேண்டும், அந்தக் கதையை என் வாயால் சொல்ல வேண்டும் என்றாள். சரி என்றேன். சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல் பைனாகுலரை உறையில் போட்டு மூடினேன்.

ஏன் அவளைப் பார்க்கவில்லை என்று இங்கே சொல்லிவிடுகிறேன். கரண்டிமூக்கு உள்ளான் சிட்டுக்குருவி அளவுப் பறவை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருவது. மூக்கு நுனி மட்டும் சின்னக் கரண்டியாக அகன்றிருக்கும். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை, நானும் முத்துக்குமாரும் உப்பளத்துக்குப் போயிருந்தோம். அவன் ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். ஒன்பதாம் வகுப்பிலிருந்து சேக்காளி. அவன் வண்டியில் ஞாயிறு தவறாமல் போவோம். அன்று பாத்தி ஓரத்தில் நூற்றுக்கணக்கான உள்ளான்களுக்கு நடுவில் ஒன்றின் மூக்கில் கரண்டியைப் பார்த்தேன். கத்திவிட்டேன். ரெண்டாவது முறை பார்ப்பதற்கு முன்பே எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தியும் போட்டுவிட்டேன்.

முத்துக்குமார் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியலடே" என்றான். தண்ணீர் பாட்டில் எடுக்க வண்டிக்குப் போனான். அவன் போன பிறகு அந்தப் பறவை மூக்கைத் தண்ணீரில் முக்கி உதறியது. கரண்டி கழன்று விழுந்தது. சேறு. வெறும் சேற்று உருண்டை. அது எங்கள் உப்பளத்தில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற கொசு உள்ளான்.

அப்போதே சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். ஆனால் கையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. வாழ்த்து, வாழ்த்து, வாழ்த்து. மதுரையிலிருந்து கிளம்பிவிட்டோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். படம் எடுப்பதற்குள் பறந்துவிட்டது என்று பதில் போட்டேன்.

எங்கள் பறவைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்து போனால் ஒருவர் பட்டியல் எழுதி, கூட வந்தவருக்கும் அனுப்புவார். அவர் தன் கண்ணால் பார்க்காததை அடித்துவிட்டுத்தான் தன் பட்டியலாக ஏற்க வேண்டும். முத்துக்குமார் அந்த ஒரு பறவையின் பெயரை அடித்துவிட்டான். பக்கத்தில் நின்றவன் அடித்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சானது. பொறாமை என்றார்கள். அவனுக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கித் தர வேண்டும் என்று குரூப்பில் ஒருவர் எழுதினார். நானும் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டேன்.

அவன் குரூப்பை விட்டுப் போனான். பைனாகுலரை விற்றான். கொஞ்ச நாளில் என்னைக் கண்டால் டீக்கடையில் எழுந்து போக ஆரம்பித்தான். என்னைப் பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள், பொன்னாடை போட்டார்கள். எத்தனை முறை சொன்னேனோ, அத்தனை முறையும் கதை இன்னும் கொஞ்சம் மெருகேறியது.

வியாழக்கிழமை சால்ட் லேக்கில் காலாற நடக்கப் போய்த் தொலைந்துபோனேன். எல்லா பிளாக்கும் ஒரே அச்சு, எல்லா ரவுண்டானாவும் ஒரே அச்சு. தெருவுக்குப் பெயர் கிடையாது, எழுத்தும் எண்ணும்தான். ஒரே தண்ணீர்த் தொட்டியை மூன்று முறை சுற்றிவிட்டு ஒரு இனிப்புக் கடைக்குள் நுழைந்தேன். குளிர்காலத்தில் மட்டும் வருகிற பேரீச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ் கொடுத்தார்கள். கருப்பட்டி தின்று வளர்ந்தவன் நான், இனிப்பில் யாருக்கும் சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டேன். இதற்கு விட்டுக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கண்டெய்னரைத் திறந்தார்கள். நூல் பெட்டிகள் ஒரு மூலையில் ஊறிப்போயிருந்தன. கடல் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. நனைந்த இடத்தில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட வேண்டும். உப்பு இருந்தால் பால் மாதிரி வெளுக்கும். நான் விட்ட சொட்டு தெளிவாகவே நின்றது. மழைத் தண்ணீர், கூரை ஓட்டை வழியாக எங்கோ யார்டில் நிற்கும்போது இறங்கியிருக்கிறது.

சரக்குக்காரர் பக்கத்து ஏஜென்ட் ஒருவர் என் கூடவே நின்றிருந்தார். கடல் தண்ணீர் என்று எழுதினால் இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிடும், எல்லோருக்கும் சுலபம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "கண்ணால பாத்ததத்தான் எழுதுவேன். இருபத்திரண்டு வருஷமா ஒரு வரி பொய் எழுதினதில்ல" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். சுமை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவே இல்லை. உங்களைப் பற்றி அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் எஸ்தர் ஆட்டோவில் வந்து கூட்டிப் போனாள். அந்த ஊர் ஆட்டோ பஸ் மாதிரி, ஒரே வழியில் போய் வரும். பின்னால் மூன்று பேர், டிரைவர் பக்கத்தில் ஒருவர். டிரைவர் பக்கத்தில் நான். பாதி உடம்பு உள்ளே, பாதி உடம்பு மேற்கு வங்காளத்தில். இறங்கிய இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். பேரி என்கிறார்கள். ஊர்க் கழிவுநீரை விட்டு மீன் வளர்க்கிற ஆழமில்லாத ஏரிகள். பனிக்குள் நாமக்கோழிகளும் சீழ்க்கைச் சிறகிகளும் மிதந்துகொண்டிருந்தன.

ஏழெட்டுப் பேர் கூட்டம். அதில் தபன் என்று ஒருவர், என் வயதுதான். அந்த ஏரியில் வலை இழுக்கிறவர். மனைவி தமிழ்க்காரி என்பதால் தமிழ் பாதி புரியும், பேச வராது. நீர்க்காகம் அவருடைய மீனைத் தின்கிறது, அவர் அதை ரசித்துப் பார்க்கிறார். இந்த மாதிரி ஆளை நான் கண்டதில்லை. என் பெயரை ஷொங்கோர் ஆக்கிவிட்டார்.

நடந்துகொண்டே எஸ்தர் தன் கதையைச் சொன்னாள். "ஊர்ல பொறந்ததுலேர்ந்து கோயிலு, பாட்டு, சண்டேஸ்கூல்னு இருந்தவ அண்ணாச்சி. இங்க வந்து ரெண்டு வருஷம் எட்டிக்கூடப் பாக்கல. ரூம்ல தனியா இருக்கப் பிடிக்காம பறவை பாக்க வந்தேன். தபன் அண்ணன் படகுல ஏறுமுன்ன நின்னு ஜெபம் பண்ணுவாரு. ஒரு நாளு நானும் நின்னேன். அப்புறம் அவரு வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டாங்க. பவானிபூர்ல ஒரு சின்னத் தமிழ்ச் சபை, அங்க கூட்டிட்டுப் போனாங்க. அப்படியே ஒட்டிக்கிட்டேன்."

பறவையைக் காட்டி எனக்கு பைபிள் வசனம் சொல்லப் போகிறார்கள் என்று உஷாராகவே இருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. இலைக்கோழி எத்தனை, முக்குளிப்பான் எத்தனை என்பதில்தான் சண்டை.

ஒன்பது மணிக்குக் கரையில் உட்கார்ந்து, காலிஃபிளவர் வைத்த சிங்காராவும் டீயும் சாப்பிட்டோம். சிங்காரா என்பது நம் சமோசாதான், அப்படிச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். எஸ்தர் பட்டியலை உரக்க வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் பார்த்தவர் கை தூக்கினார்கள். பார்க்காதவர்கள் பேசாமல் இருந்தார்கள், யாரும் யாரையும் குடையவில்லை. வாசித்து முடித்ததும் தபன் எழுந்து நின்றார். போன வாரம் பெரிய புள்ளிக் கழுகு என்று தான் சொன்னதை அடித்துவிடும்படி கேட்டார். எஸ்தர் எனக்குத் தமிழில் சொன்னாள். "அது சாதாரணப் பருந்து. அன்னைக்கு ராத்திரியே சந்தேகம் வந்துட்டு. கழுகா இருக்கணும்னு எனக்கு ஆசை, அதான் கழுகாத் தெரிஞ்சிருக்குன்னு சொல்லுதாரு."

அந்தக் கழுகு அவர்கள் கூட்டத்துக்கே முதல் கழுகாம். போன வாரம் அதற்காக இனிப்பு வாங்கியிருக்கிறார்கள். நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். எஸ்தர் கோடு போட்டாள். யாரோ அவர் தட்டில் இன்னொரு சிங்காரா வைத்தார்கள். அவ்வளவுதான். தபன் உட்கார்ந்து அதைத் தின்ன ஆரம்பித்துவிட்டார்.

பிறகு என் முறை. சொல்ல முடியாது என்று எழுந்து போயிருக்கலாம். தலைவலி என்றாவது சொல்லியிருக்கலாம். நான் கதையைத் தமிழில் சொன்னேன், எஸ்தர் வங்காள மொழியில் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள். பனி, பாத்தி, கரண்டி, பறந்துபோனது எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். கை தட்டினார்கள்.

தபன் மட்டும் எஸ்தர் வழியாக ஒரு கேள்வி கேட்டார். கூட யாராவது பார்த்தார்களா?

"ஒருத்தன் இருந்தான். முத்துக்குமார்னு. பாக்கலன்னுட்டான்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். எல்லோரும் தலை குனிந்தார்கள். கண்ணை மூடி வங்காள மொழியில் ஜெபிக்க ஆரம்பித்தார். எஸ்தர் என் காதருகில் மெதுவாகத் தமிழாக்கினாள்.

"ஆண்டவரே, இந்த அண்ணன் பக்கத்துல நின்னும் அந்தப் பறவையப் பாக்க முடியாமப் போன முத்துக்குமாருக்காக வேண்டுதோம். கண்ணு முன்னால வந்தும் கிடைக்காமப் போறது எவ்வளவு பெரிய வருத்தம்னு உமக்குத் தெரியும். அவர் மனசத் தேத்தும். இன்னொரு தடவ அவர் கண்ணுக்குக் காட்டும்."

ஆறு வருஷத்தில் முத்துக்குமாருக்காக வருத்தப்பட்ட முதல் மனிதர், அவனை அறியாத ஒரு வங்காள மீன்காரர். அதுவும் என் பொய்யை நம்பி. எனக்குத் தரையைப் பார்க்கக்கூட முடியவில்லை. விடுதிக்கு வந்து, மழைத் தண்ணீர் என்று ரிப்போர்ட்டை எழுதி முடித்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை மூன்று முறை வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வாருங்கள் என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை ரயில். போகாமல் இருந்திருக்கலாம். எதற்காகப் போனேன் என்று எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியாது. தபன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போல இருந்தது. மெட்ரோவில் ஏறி பவானிபூரில் இறங்கினேன். துணிக்கடைக்கு மேல் மாடியில் ஒரு அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், இருபத்தைந்து பேர். பெரும்பாலும் இளவட்டங்கள், செக்டர் ஃபைவ் முகங்கள். பாட்டெல்லாம் சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டுதான். எனக்கே வரிகள் தெரிந்திருந்தன.

நடத்தியவர் ஞானராஜ் என்ற வங்கி அதிகாரி. பாட்டுக்குப் பிறகு ஜெபக் குறிப்பு வாசித்தார். யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர்கள் பெயரை முன்பே ஒரு நோட்டில் எழுதிவிடுவார்களாம். ஒருத்தருக்கு அறுவை சிகிச்சை. ஒருத்திக்குப் பரீட்சை. அடுத்து வாசித்தார்: "தூத்துக்குடி முத்துக்குமார். மன ஆறுதலுக்காக."

எழுதச் சொன்னது தபன். நான் எழுந்துவிட்டேன்.

"சார், அத வாசிக்காதீங்க" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "அவனுக்குக் கண்ணு சரியாத்தான் இருக்கு. அங்க அப்படி ஒரு பறவையே இல்ல. மூக்குல சேறு ஒட்டின கொசு உள்ளான் அது. சேறு விழுந்தத நான் பாத்தேன். பாத்துட்டு ஆறு வருஷமா பொய் சொல்லிட்டிருக்கேன். நேத்து எஸ்தர்கிட்டயும் தபன்கிட்டயும் சொன்னேன்."

தபன் எஸ்தரைப் பார்த்தார், அவருக்குப் பாதிதான் புரிந்திருந்தது. எஸ்தர் எழுந்து வங்காள மொழியில் சொன்னாள். அறை முழுவதும் காத்திருந்தது. என் பொய்யை ரெண்டாவது முறை, தெரியாத பாஷையில், நின்றுகொண்டே கேட்டேன். முத்துக்குமார் என்ற பெயர் மட்டும் எனக்கு விளங்கியது.

ஞானராஜ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "முத்துக்குமார் பேரு இருக்கட்டும் சார். அதுக்குக் கீழ உங்க பேரையும் எழுதிக்கிடட்டுமா?" என்றார்.

தலையை ஆட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை, அழுதேன். அவர்கள் எங்கள் ரெண்டு பேருக்காகவும் ஜெபித்தார்கள். தபன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். கடவுள் உண்டா இல்லையா என்று நான் அதுவரை மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. என் தொழிலில் தடயம் இருந்தால் எழுதுவேன், இல்லாவிட்டால் எழுத மாட்டேன். அந்த அறையில், என் பொய்யைக் கையில் வாங்கிக்கொண்டும் என்னைத் தள்ளிவிடாத ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று ரிப்போர்ட் எழுத எனக்கு வராது. நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

ஆராதனை முடிந்து கீழே இறங்கியதும் தபன் என் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். அதற்குள் போன் இருந்தது. எஸ்தர் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

முத்துக்குமார் நம்பரை நான் அழித்திருக்கவில்லை. ரெண்டு முறை அடித்து எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தான்.

"முத்து, சங்கரன் பேசுதேன்."

"சொல்லு."

"அன்னைக்கு உப்பளத்துல நான் பாத்தது கரண்டிமூக்கு இல்லடே. சேறு. நீ தண்ணி எடுக்கப் போனப்ப விழுந்துச்சு. தெரிஞ்சேதான் பேசாம இருந்தேன்."

பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. போனைக் காதோடு அழுத்தினேன்.

"அன்னைக்கேவா?" என்றான்.

"அன்னைக்கே."

"ரெண்டு தடவ கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன்லே" என்றான். "நல்லாத்தான இருக்குன்னு டாக்டரு சொல்லுதாரு. நான் நம்பல. இவ்வளவு பெரிய விஷயம் கண்ணு முன்னால நின்னு எனக்குத் தெரியலியேன்னு... அதான் பைனாகுலர வித்தேன். இனி எதுக்குன்னுட்டு." வைத்துவிட்டான்.

அவன் கோபத்தில் விலகினான் என்றுதான் ஆறு வருஷமாக நினைத்திருந்தேன். கோபம் என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவன் என்னை நம்பித் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறான். நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தபன் போய் ரெண்டு மண் குவளையில் டீ வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் கழித்து போன் அடித்தது.

"எனக்கு மட்டும் சொன்னா எப்படி? குரூப்ல போடு" என்றான் முத்துக்குமார்.

"இப்பவே போடுதேன்."

"கண்ணாடி வாங்கித் தரணும்னு எழுதினான்லா ஒருத்தன், அவன் பேரையும் சேத்துப் போடு. அவன் படிக்கணும்."

அவன் லைனில் இருக்கும்போதே எழுதினேன். மூக்கில் சேறு, நான் பார்த்தேன், மறைத்தேன், முத்துக்குமார் அடித்ததுதான் சரி என்று நாலு வரி. கண்ணாடி வாங்கச் சொன்னவரையும் பெயர் சொல்லி அழைத்தேன். எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பினேன். உடனே போன் துடிக்க ஆரம்பித்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"உம்மேல கோவம் போகலலே. சீக்கிரம் போகாது" என்றான்.

"சரி."

"என்கிட்ட பைனாகுலர் இல்ல. ஒண்ணு கூடக் கொண்டா. அடுத்த ஞாயித்துக்கிழம காலைல வா, உப்பளத்துக்குப் போவோம்."

"ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போணும்டே" என்றேன். "சனிக்கிழம போவமா?"

"கோயிலுக்கா? எந்தக் கோயிலுக்கு?"

"நம்ம ஊர்லதான் தெருவுக்குத் தெரு இருக்கே. ஏதாவது ஒரு சர்ச்சுல போய்க் கேக்கணும், என்னச் சேத்துப்பீங்களான்னு."

"நீயா? எப்பலேர்ந்துலே?"

மணியைப் பார்த்தேன். பன்னிரண்டே கால். "காலைல பத்தரைலேர்ந்து" என்றேன்.

"சரி, சனிக்கிழமையே வா" என்றான் முத்துக்குமார்.